பதினோரு பேரும் ஒரு மாத்து ஆளும்

வெள்ளிக்கிழமை எனக்கு, சனிக்கிழமை அவனுக்கு. நான்கு வருடமாக எங்கள் இருவருக்குள் இருந்த ஏற்பாடு இதுதான். மேஸ்திரிக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார்.

நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் வேலை பார்த்தேன். அடுப்பிலிருந்து சிவக்கச் சிவக்க வருகிற இரும்பை உருளைகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப விட்டுக் கம்பியாக இழுக்கிற வேலை. உருளைகள் இருக்கிற இடத்துக்கு ஸ்டாண்டு என்று பெயர். சீறிக்கொண்டு வரும் கம்பியின் முனையை இடுக்கியால் பிடித்து, அடுத்த பள்ளத்தில் செருக வேண்டும். அந்தச் சூட்டில் யாராலும் தொடர்ந்து நிற்க முடியாது. இருபது நிமிடம் நிற்போம். பிறகு அடுத்த ஆள் வந்து இடுக்கியை வாங்கிக்கொள்வான். போனவன் உப்புப் போட்ட மோர் குடித்து, காற்று வருகிற பக்கம் உட்கார்ந்து, மறுபடி வருவான். இதை மாத்து என்போம். குடிப்பவனைக்கூட மன்னிப்பார்கள். மாத்துக்கு நேரத்தில் வராதவனை மில்லில் யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

அவன் கவரைப்பேட்டைக்காரன். வீட்டில் தெலுங்கு கலந்து பேசுகிறவர்கள். யாரைப் பார்த்தாலும் 'நைனா' என்று கூப்பிடுவான், அதனால் மில்லில் அவனுக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. நான் பழவேற்காட்டிலிருந்து பிழைப்புக்கு வந்தவன், எல்லாருக்கும் பாய். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ தொழுகைக்கு நான் சைக்கிளில் பள்ளிவாசல் போய்த் திரும்பும் வரை, என் மாத்தையும் சேர்த்து அவனே நிற்பான். சனிக்கிழமை சாயங்காலம் ஷிஃப்டு முடிய அரை மணி இருக்கும்போதே அவன் முகம் கழுவிக்கொண்டு ஸ்டேஷன் பக்கத்து நெட் சென்டருக்கு ஓடுவான். அவனுடைய கடைசி மாத்தை நான் நிற்பேன். ஐந்து மணிக்கு அவனுக்கு மேட்ச்.

மேட்ச் என்றால் கம்ப்யூட்டரில் ஆடுகிற ஃபுட்பால். ஒருநாள் மோர் குடிக்கும்போது கேட்டேன்.

"இன்னா நைனா, கம்ப்யூட்டர்ல பந்த எவன் உதைப்பான்?"

"அவனுங்களே உதைச்சிக்குவானுங்க பாய். யாரு எங்க நிக்கணும்னு சொல்றதுதான் நம்ம வேலை. நான் மேனேஜரு."

"அப்ப நீ மேஸ்திரி."

"மேஸ்திரிக்கும் மேல. நம்ம மேஸ்திரி உன்ன விக்க முடியுமா? நான் நெனைச்சா விப்பேன்."

"என்ன எவன் வாங்குவான்?"

"அதுவும் சரிதான்" என்றான்.

வெளிநாட்டு வேலை தேடி நெட் சென்டருக்குப் போக ஆரம்பித்தவன், பக்கத்து சீட்டுக்காரன் ஆடுவதைப் பார்த்து இதில் இறங்கியிருந்தான். எந்தெந்த நாட்டிலோ இருக்கிறவர்கள் ஆளுக்கொரு டீம் வைத்திருந்தார்கள். இவனுடைய டீமுக்கு கும்மிடிப்பூண்டி லெவன் என்று பெயர். வெள்ளைக்காரன் ஒருவன், இது எந்த ஊர் என்று இங்கிலீஷில் கேட்டு எழுதினானாம். 'இரும்பு ஊர்' என்று பதில் போட்டதாகப் பெருமையாகச் சொன்னான்.

அந்த வெள்ளிக்கிழமையும் நான் கைகால் கழுவி ஒளு செய்துகொண்டு முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். தொழுகை முடிந்து சைக்கிளை மிதித்து வந்தேன். எங்கள் மில் சத்தம் கேட் வரைக்கும் கேட்கும். அன்றைக்குக் கேட்கவில்லை. கேட்டில் இருந்த செக்யூரிட்டி என் முகத்தைப் பார்க்காமல் கதவைத் திறந்துவிட்டார்.

கம்பி பள்ளத்தில் ஏறாமல் துள்ளி, வளைந்து, நிற்கிறவன் பக்கமே திரும்பியிருக்கிறது. எப்போதாவது அப்படி நடக்கும். விலகிவிடுவோம். அவனும் விலகிவிட்டான், வலது கையைத் தவிர. நான் உள்ளே போனபோது அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். அவன் பிடித்திருந்த இடுக்கி தரையில் கிடந்தது. அப்போது மணி ஒன்றே முக்கால். அது என் மாத்து.

தொப்பியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று எனக்குத் தெரியாது. எல்லாரும் அதைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். நடுவிரல் இருந்தது, ஆனால் மடங்காது என்றார்கள். பத்து நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் பழம் வாங்கிக்கொண்டு போனேன். கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான். கூப்பிட்டேன். திரும்பவில்லை. அவனுடைய மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். என்ன பேசுவது? மன்னித்துக்கொள் என்று சொன்னால், அதற்கு அவன் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கஷ்டத்தை அவனுக்குக் கொடுக்க எனக்குத் தைரியமில்லை. அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தேன்.

வாசல் வரைக்கும் வந்த அவன் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "அண்ணா, யாராண்டயும் பேச மாட்டேன்றாரு. சாப்பாடு வச்சா எடுத்துக்கிறதில்ல. நேத்து வாயத் தொறந்து ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. அது இன்னாவோ டீமாம். இத்தன வாரம் யாரும் தொறக்காம உட்டா எடுத்துக்குவாங்களாம். 'அதுவும் போச்சு'ன்னாரு. நீங்க இன்னான்னு பாக்கறீங்களா?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "பாய்க்கு இன்னா தெரியும்? உடு."

அன்றைக்கு அவன் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான். எனக்கு அது போதுமாக இருந்தது. அவனிடம் மிச்சம் இருப்பது போய்விடக் கூடாது, போகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று அங்கேயே மனதுக்குள் உறுதியாக நிய்யத் வைத்துக்கொண்டேன். பாஸ்வேர்டை அவள் அவனிடம் கேட்டு, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். பத்தாவது படித்தவள், எழுத்து அழகாக இருந்தது. நான் எட்டாவதோடு நின்றவன்.

அந்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமைகளில் யாரையும் என் இடத்தில் நிறுத்தக் கூடாது என்று முடிவு செய்தேன். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஜும்ஆவுக்குப் போவேன். தொழுகை முடிந்து நேராக நெட் சென்டர்.

அதை நடத்தியவர் முன்பு ஏதோ கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தவர். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இன்னா பாய், துபாய்க்கு அப்ளிகேஷனா?"

"இல்ல சார். ஃபுட்பால் ஆடணும்."

"இந்த ஒடம்ப வச்சிக்கினா?"

சொன்னேன், யாருக்காக என்று. சிரிப்பை நிறுத்திவிட்டு அவரே எழுந்து வந்து, அவன் வழக்கமாக உட்காருகிற மூலை சீட்டில் என்னை உட்காரவைத்தார். பிஸ்மில்லாஹ் சொல்லி மவுஸைப் பிடித்தேன். அம்புக்குறி எங்கேயோ ஓடிப் போனது. "மெதுவா பாய், எலி செத்துடும்" என்றார் அவர்.

பெயர்களும் நம்பர்களுமாக ஒரு பக்கம் திறந்தது. பந்தும் இல்லை, மைதானமும் இல்லை. இருபத்திரண்டு பேர். ஒவ்வொருவருக்கும் வயது, எதில் எவ்வளவு தேர்ச்சி, உடம்பில் எவ்வளவு தெம்பு. ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாகச் சிவப்புச் சிலுவை, அதன் பக்கத்தில் ஐந்து என்று இருந்தது. "அடிபட்டுக் கீறான். அஞ்சு வாரம் ஆவும்" என்று சென்டர்காரர் விளக்கினார். அதை நைனாவிடம் நான் சொல்லவில்லை.

டீமைப் போட்டேன். யார் பெயர் முதலில் இருந்ததோ அவர்களையெல்லாம் போட்டேன். அடிபட்டவரைத் தவிர. சனிக்கிழமை வேலை முடிந்து ஓடிப் பார்த்தபோது ஆட்டம் முடியும் நேரம். ஞாயிற்றுக்கிழமை கவரைப்பேட்டைக்குப் போனேன். கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். நெடுநேரம் கழித்துச் சுவரைப் பார்த்தபடியே கேட்டான்.

"இன்னா ஆச்சு?"

"மூணு ஒண்ணு. தோத்துட்டோம்."

"பந்து யாராண்ட அதிகமா இருந்துது?"

"எந்தப் பந்து?"

"ஒரே பந்துதான பாய் கீது? நூத்துக்கு இவ்ளோன்னு போட்டிருப்பான்."

"பாக்கலயே."

"அடுத்த தபா பாரு."

அவ்வளவுதான். அவன் மனைவி சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குச் சாப்பிட்டானாம்.

இப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. நான் காலண்டர் தாளில் குறித்துக்கொண்டு போவேன், அவன் சுவரிடம் பேசுவான். அவன் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். இந்த மாதிரி ஆட்டத்துக்குப் புதிதாக வருகிறவர் யாராவது இதைப் படித்தால் உதவும். நான் கஷ்டப்பட்டுக் கற்றது.

முதல் மாதம் யாரையும் வாங்காதே, யாரையும் விற்காதே என்றான். புதிதாக வருகிறவன் கை அரிக்கும். பெரிய ஆட்டக்காரன் ஒருவன் ஏலத்துக்கு வருவான், கையில் இருக்கிற எல்லாவற்றையும் கொட்டி வாங்குவான். அந்த ஒருவனை வைத்துக்கொண்டு என்ன செய்ய? மற்ற பத்துப் பேர் அப்படியே இருக்கிறார்கள். பந்து அவனிடம் வந்தால்தானே. முதலில் நடுக்களத்தைப் பார், பயிற்சியை அதற்கு வைத்தால் ஆட்டத்தில் நடுவில் நிற்கிறவனுக்குத்தான் தேர்ச்சி ஏறும் என்றான். நடுவில் நிற்கிற மூவர் தேறினால் பந்து நம்மிடம் இருக்கும், பந்து இருந்தால் வாய்ப்பு வரும், வாய்ப்பு வந்தால் சுமாரான ஆளும் கோல் போடுவான்.

எதிராளி கடைசியாக ஆடிய மூன்று மேட்ச்சைத் திறந்து படி என்றான். மனிதன் பழக்கத்தை விடமாட்டான். இடது பக்கமாகவே அடிக்கிறவன் நம்மிடமும் இடது பக்கமாகத்தான் வருவான். நம் வலது பக்கக் காவலுக்கு நல்ல ஆளைப் போடு.

மேட்ச்சுக்கு முன்னால் ஆட்டக்காரர்களுக்கு ஓர் உத்தரவு கொடுக்கலாம்: நிதானமாக ஆடு, வழக்கம்போல ஆடு, உயிரைக் கொடுத்து ஆடு. இரண்டாவது வாரம் நான் மூன்றாவதை அமுக்கினேன். ஜெயித்தோம். அவனுக்கு ஒரு நல்ல செய்தி கொண்டுபோக வேண்டும் என்ற ஆசை. மூன்றாவது வாரமும் அதையே அமுக்கினேன். நான்காவது வாரம் டீமின் மனநிலை என்ற இடத்தில் வேறு வார்த்தை வந்திருந்தது. சென்டர்காரர் படித்துவிட்டு, "உன் ஆளுங்க உன் மேல கடுப்பாய் கீறாங்க பாய்" என்றார். நைனாவிடம் சொன்னபோது முதல் தடவையாகத் தலையை மட்டும் திருப்பினான்.

"தெனமும் ஓவர்டைம் கொடுத்தா நீ இன்னா ஆவ? அதுதான். சீசனுக்கு ஒரு தபா, ரெண்டு தபா கேக்கலாம். கேட்டா கொடுப்பானுங்க. சும்மா சும்மா கேக்கக் கூடாது."

இவ்வளவும் செய்தேன். பந்து எவ்வளவு நேரம் நம்மிடம் இருந்தது என்று பார்த்து எழுதினேன். எதிராளியின் மூன்று மேட்ச்சை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒவ்வொரு வெள்ளியும் மவுஸைப் பிடிக்கும் முன் துஆ கேட்டேன். விளையாட்டுக்குப் போய்ப் படைத்த ரப்பிடம் கேட்கிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கேட்டது விளையாட்டுக்காக இல்லை என்று ரப்புக்குத் தெரியும். வீட்டில் என் மனைவி, "அரை நாளு லீவு போட்டுப் போட்டு எத்தினி நாளு ஓட்டுவீங்க?" என்று ஒரு தடவை கேட்டாள். அப்புறம் அவளும் கேட்கவில்லை.

ஆனாலும் இறங்கிக்கொண்டே போனோம். எட்டு டீம் கொண்ட பிரிவு அது. சீசன் முடியும்போது கடைசி இரண்டு டீம் கீழ்ப் பிரிவுக்குப் போக வேண்டும். அவன் கை போன அன்றைக்கு கும்மிடிப்பூண்டி லெவன் மூன்றாவது இடத்தில் இருந்தது. ஐந்தாவதானது. ஆறாவதானது. கடைசி மேட்ச்சுக்கு முந்தின வாரம் ஏழாவது. அவனுடையது ஒன்றே ஒன்றைக் காப்பாற்றத்தான் போனேன், அதுவும் என் கையிலேயே சரிகிறது. நான் எங்கே தப்புச் செய்கிறேன் என்று எனக்கே புரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் மல்லாந்து படுத்திருந்தான். கட்டுப் பிரித்துவிட்டார்கள். கையைத் துண்டால் மூடியிருந்தான்.

"பத்து வாரம் ஆச்சு பாய். நடுவுல ஆடுறவனுக்குத்தான் ட்ரெய்னிங் ஏறும்னு சொன்னனா இல்லியா?"

"சொன்ன."

"இந்நேரம் மூணு பேரும் ரெண்டு படி ஏறி இருக்கணும். எவ்ளோ ஏறி இருக்கானுங்க?"

தாளைப் பார்த்தேன். "ஒருத்தன் ஒரு படி. அவ்ளோதான்."

"எப்பிடி? எந்த மூணு பேரப் போட்ட?"

"எந்த வாரம்?"

"இன்னாது, எந்த வாரமா?"

நான் சொன்னேன். நடுவில் நிற்கிறவர்களுக்குத்தான் பயிற்சி ஏறும் என்றால் மற்றவர்களுக்கு அநியாயம் இல்லையா? அதனால் ஒன்பது பேரை மூன்று மூன்றாகப் பிரித்து, வாரத்துக்கு மூன்று பேர் என்று முறை வைத்துப் போட்டேன். ஒரு வாரம் நின்றவன் அடுத்த இரண்டு வாரம் நடுக்களத்துக்கு வரமாட்டான். எல்லாருக்கும் சமமாக வரும்.

அவன் இடது கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். பத்து வாரத்தில் அவன் தானாக எழுந்து உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"யோவ் பாய்! இது இன்னா ஸ்டாண்டா? இருவது நிமிசத்துக்கு ஒருத்தன மாத்தறதுக்கு அவுனுங்களுக்கு சூடா அடிக்குது? ஒரே ஆளு வாராவாரம் அங்கயே நின்னாத்தான் ஏறும்! மாத்து ஆளு போட்டா எவனுமே கத்துக்க மாட்டான். மூணு பேரு ஏற வேண்டியத ஒம்போது பேருக்குப் பிச்சிப் பிச்சிக் கொடுத்துக் கீற. கஞ்சியா ஊத்தற? ஒருத்தனுக்கும் வயிறு நெறையல!"

அவன் மனைவி ஓடி வந்தாள். அவன் கத்துவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"ஒருத்தனையே அங்க நிறுத்தி வைக்க எனக்கு மனசு வரல நைனா" என்றேன்.

 அவன் கத்துவதை நிறுத்தினான். அவன் கண் துண்டின் மேல் போய்விட்டு வந்தது. இனிச் சொல்லாமல் இருக்க முடியாது.

"அன்னிக்கு அது என் மாத்து. நான் நின்னிருக்கணும்."

அவன் இடது கையால் முகத்தைத் துடைத்தான்.

"எனக்குத் தெரியாதா, யாரு மாத்துன்னு? நாலு வருசமா நின்னேன். அன்னிக்கும் நின்னேன்."

"நைனா..."

"இரு. பத்து வாரமா செவுத்தப் பாத்துக்கினு இன்னா நெனைச்சேன்னு உனக்குத் தெரியுமா? உம் மேல கோவம் வந்துது. வரலன்னு சொல்ல மாட்டேன். அப்புறம், சனிக்கெழம நீ நின்னியே, அப்ப கம்பி திரும்பி இருந்தா? நீ சாமியக் கும்புடப் போன. கேட்டா சொல்றதுக்கு உனக்கு ஒரு எடம் கீது. நான் எங்க போனேன்? பொம்ம ஃபுட்பாலு பாக்கப் போனேன். உன் பொண்டாட்டி வந்து கேட்டிருந்தா நான் இன்னா சொல்லி இருப்பேன்? அத நெனைச்சா கோவமும் பட முடில. படாம இருக்கவும் முடில. அதான் திரும்பிப் படுத்துக்கினேன்."

நான் அழுதுவிட்டேன். ஐம்பது வயதை நெருங்குகிறவன், அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து. அவன் என்னை ஆறுதல்படுத்தவில்லை. அழட்டும் என்று விட்டான். கொஞ்ச நேரம் கழித்துத் தாளை எடு என்றான். கடைசி மேட்ச்சில் எதிராளி யார், அவன் எந்தப் பக்கம் அடிக்கிறான் என்று கேட்டான். சொன்னேன். பாதியிலேயே நிறுத்தினான்.

"இதெல்லாம் வாயால சொன்னா ஆவாது. நானே வரேன்."

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு நான் சைக்கிளில் நெட் சென்டர் போய்ச் சேர்ந்தபோது அவன் எனக்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தான். மனைவி ரயிலில் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். சட்டை தொளதொளவென்று இருந்தது, அவ்வளவு இளைத்திருந்தான். வலது கையைத் துண்டில் சுற்றி வயிற்றோடு வைத்திருந்தான். சென்டர்காரர் ஒன்றும் கேட்கவில்லை. மூலை சீட்டில் இருந்தவரை எழுப்பி வேறு சீட்டுக்கு அனுப்பினார். மவுஸை எடுத்து இடது பக்கம் வைத்தார். அதன் ஒயர் எட்டவில்லை. பின்னால் கையை விட்டு, தூசி பறக்க இழுத்துக் கொடுத்தார்.

நைனா இடது கையை அதன் மேல் வைத்தான். அம்புக்குறி எங்கேயோ ஓடியது.

"மெதுவா, எலி செத்துடும்" என்றேன்.

"மூடிக்கினு உக்காரு பாய்."

டீமைத் திறந்தான். ஒவ்வொரு பெயரையும் இழுத்து வைக்க அவனுக்கு நேரம் பிடித்தது. இரண்டு தடவை கை நழுவி, வைத்தது போய்விட்டது. நெற்றியில் வேர்வை. நான் மவுஸை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அவன் மனைவி என் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள். கையை எடுத்துக்கொண்டேன்.

ஓரிடத்தில் நின்றான். "இவனுக்கு அடிபட்டிருக்கு. எப்ப?"

"நீ ஆஸ்பத்திரில இருந்தப்ப. இப்ப தேறிட்டான். ஆனா தெம்பு கம்மியா கீது."

"ஏன் சொல்லல?"

நான் திரையைப் பார்த்தேன். அவன் அந்த ஆளை மாற்று ஆட்டக்காரர் வரிசையில் உட்காரவைத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனான். பிறகு உத்தரவு என்ற இடத்துக்கு வந்தான். உயிரைக் கொடுத்து ஆடு என்பதை அமுக்கினான். "இன்னிக்குக் கேக்கலாம்" என்றான்.

ஐந்து மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தது. ஆட்டம் என்றால் வரி வரியாக எழுத்து வரும். ஒரு வரி வந்தபின் அடுத்த வரிக்குக் காத்திருக்க வேண்டும். அவன் வாய்விட்டுப் படித்து எங்கள் இருவருக்கும் அர்த்தம் சொன்னான். முதலில் நாம் ஒன்று போட்டோம். பிறகு அவர்கள் ஒன்று. பிறகு அவர்களே இன்னொன்று. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது நம்முடையவன் ஒன்று போட்டுச் சமமாக்கினான். சென்டர்காரர் தன் வேலையை விட்டுவிட்டு வந்து பின்னால் நின்றார். நான் உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தேன். அடுத்த வரி, ஆட்டம் முடிந்தது என்று வந்தது.

இரண்டுக்கு இரண்டு. மற்ற மேட்ச்சுகளின் முடிவையும் பார்த்தோம். ஏழாவது இடம். ஜெயித்திருந்தால் தப்பியிருக்கலாம்.

"கீழ போய்ட்டோம்" என்றான்.

"என்னாலதான் நைனா."

"ஆமா. உன்னாலதான்." திரும்பி என்னைப் பார்த்தான். "ஒம்போது பேருக்குக் கஞ்சி ஊத்துனியே, அதனாலதான். வேற எதுக்கும் இல்ல."

அவன் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். நான் சரி என்றேன்.

அவன் மறுபடி திரையைப் பார்த்தான். கீழ்ப் பிரிவில் நம்மோடு வரப்போகிற டீம்களை ஒவ்வொன்றாகத் திறந்தான். "கீழ போறது ஒண்ணும் மோசமில்ல பாய். அங்க எவனும் பெரிய ஆளு கெடையாது. பசங்கள நிறுத்திப் பொறுமையா தேத்தலாம்." மூன்று இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து நடுவில் வைத்தான். "சீசன் முடியற வரைக்கும் இவனுங்க மூணு பேருதான். எவன் செத்தாலும் மாத்த மாட்டேன்."

எழுந்திருக்கும்போது கேட்டான்: "வெள்ளிக்கெழம ரெண்டு மணிக்கே இங்க வந்துடறியாமே. இவரு சொன்னாரு. அரை நாளு லீவா?"

"ஆமா."

"இத்தினி வாரமுமா?"

"யாரையும் நிறுத்த மனசு வரல."

"வர்ற வெள்ளிலேர்ந்து லீவு எழுதாத. சனிக்கெழம நீ இங்க வரவும் வாணாம். என் டீம நான் பாத்துக்கிறேன்."

புதன்கிழமை அவன் மில்லுக்கு வந்தான். டைம் ஆபீஸில் அவனுக்கு ஓர் இடம் கொடுப்பதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஆபீஸ் வேலையை முடித்துவிட்டு, கம்பி ஓடுகிற பக்கம் வந்து தூரத்தில் நின்றான். அந்தப் பக்கம் வர முடியாமல்தான் நின்றான் என்று நினைக்கிறேன். மாத்து முடித்து வந்த ஒருவனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னான். அந்த ஆள் என்னைப் பார்த்துத் தலையாட்டினான். அவன் மீஞ்சூர்க்காரன், வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டே முக்காலுக்கு அந்த மீஞ்சூர்க்காரன் வந்து என் முன்னால் கையை நீட்டினான். எனக்கு இடுக்கியை விட மனம் வரவில்லை. "குடு பாய், கம்பி வருது" என்றான். கொடுத்தேன்.

அன்றைய தொழுகையில் என் மனம் நிலையாக நின்றது என்று சொன்னால் பொய். ஒவ்வொரு முறை நெற்றியைத் தரையில் வைக்கும்போதும், நிற்கிறவனைப் பத்திரமாக வை என்று மட்டும் கேட்டேன். எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. முடிந்ததும் யாரோடும் பேசாமல் சைக்கிளை எடுத்தேன். கேட்டுக்கு நூறடி இருக்கும்போதே காதைக் கூர்மையாக்கினேன். மில் சத்தம் கேட்டது.

உள்ளே ஓடினேன். மீஞ்சூர்க்காரன் வேர்த்துக் கொட்ட நின்றிருந்தான். ஒரு கம்பியைச் செருகி முடித்துவிட்டு, திரும்பாமலே இடுக்கியைப் பின்னால் நீட்டினான். வாங்கிக்கொண்டேன். கைப்பிடி அவன் கைச் சூட்டோடு இருந்தது.